ஃப்ரிட்ஜ் கதவுக்கும் 36.5: குழந்தைப் பாதுகாப்பு செட் வாங்கி ஏமாந்தேன்

நேற்று ராத்திரிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். ஆத்திரம் அடங்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் குழந்தைப் பொருள் மட்டும் விற்கும் கடை ஒன்றில் ‘பிறந்த குழந்தைப் பாதுகாப்பு செட்’ வாங்கினேன். விலை என் அரை மாதச் சம்பளம். நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டர், காலில் மாட்டினால் ஆக்சிஜனையும் இதயத் துடிப்பையும் போனில் காட்டும் சாக்ஸ், தலைப் பக்கம் உயர்ந்த சரிவு மெத்தை. அவ்வளவுதான் செட்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். தூக்கம் வராமல் ராத்திரி சாட்டில் ஆயிரம் கேள்வி கேட்டேன். கடை சார்பில் சாட்டில் பேசிய பெண் சலிக்காமல் பதில் சொன்னாள். கடைசியில், "அக்கா, என் பொண்ணுக்கும் இதேதான். நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றாள். அங்கேதான் விழுந்தேன். பெட்டியில் ‘மருத்துவத் தரம்’ என்று போட்டிருந்தது. யார் கொடுத்த சான்று, என்ன எண் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு தோசைக்கல் வாங்கக்கூட நான்கு கடை ஏறி இறங்குகிறவள் நான்.

போன வாரம் குழந்தைக்கு 41 நாள். பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, உடம்பு சுட்டது. கருவியில் 36.5 டிகிரி செல்சியஸ், அதாவது காய்ச்சலே இல்லை. கால் மணி நேரம் கழித்தும் 36.5. நானும் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மெஷினைத் தூக்கிப் போடு, கிளம்பு" என்றார். ஆஸ்பத்திரியில் அக்குளில் வைத்துப் பார்த்தால் 38.6. மூன்று மாதத்துக்குள் 38ஐத் தொட்டாலே நேரம் காலம் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். சிறுநீர்த் தொற்று. ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சோதித்தேன். எனக்கு 36.5, கணவருக்கு 36.6, ஃப்ரிட்ஜ் கதவுக்கும் 36.5! ஒழுங்கான கருவி என்றால் உடம்புச் சூடே இல்லாத கதவுக்கு ‘லோ’ (அளவுக்குக் கீழே) என்றுதான் காட்டியிருக்கும்.

கடைக்கு எழுதினேன். முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். அப்புறம் நெற்றியில் வியர்வை இருந்திருக்கும் என்றார்கள். ஃப்ரிட்ஜ் வீடியோவை அனுப்பினேன். "கருவி மனிதர்களுக்கானது மேடம்" என்று பதில் வந்தது. பணம் கட்டும்வரை அக்கா, இப்போது மேடம். பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாதாம். திறக்காமல் எப்படித் தெரியும்? சமாதானத்துக்கு அடுத்த முறை வாங்கத் தள்ளுபடிக் கூப்பன். அரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பன்! இன்று காலை முதல் சாட்டே திறக்கவில்லை.

மெத்தையின் படத்தையும் டாக்டரிடம் காட்டினேன். சரிவில் தூங்கும்போது குழந்தையின் தலை முன்னால் சாய்ந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழாய் நெருக்கிவிடுமாம். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சரிவான குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று 2022இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். சாக்ஸ் பற்றிக் கேட்டால், தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க இதை நம்பக் கூடாது என்று அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறதாம். எங்கள் வீட்டில் அது சாக்ஸ் நழுவும்போதெல்லாம் அலறியதுதான் மிச்சம்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று முழுப் பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். குழந்தை எழுந்துவிட்டாள், அவசரமாகச் சொல்கிறேன். அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், வாங்கிய அன்றே வீட்டில் எல்லோருக்கும் வைத்துப் பாருங்கள். படுக்கை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். சாட்டில் பேசியதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. செட்டாக விற்பதை வாங்காதீர்கள்.

அரை மாதச் சம்பளம். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.