லெட் ஆசிட்டா, லித்தியமா: சின்ன ஈ-பைக்குக்கு இரண்டாவது பேட்டரி

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஈ-பைக்குக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். அதனால்தான் பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் இந்த வண்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். இவற்றில் விலை குறைந்தவை பெரும்பாலும் லெட் ஆசிட், அதாவது ஈய அமில, பேட்டரியோடு வருகின்றன. ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம். அதற்குப் பிறகு முழு சார்ஜில் கிளம்பியும் பாதி வழியில் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போது கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "அதே செட்டைப் போடவா, லித்தியத்துக்கு மாத்திடவா?"

எங்கள் வீட்டு 60 வோல்ட் வண்டிக்கு நான் லித்தியம் போட்டேன். லித்தியம் என்றால் இங்கே எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதே நிலைமையில் இருக்கிறவர்கள் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு அதையே சொல்வேன். மீதி இரண்டு பேருக்கு லெட் ஆசிட்தான் சரி. அவர்கள் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களை முதலில் முடித்துவிடலாம். 60 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஐந்து இருக்கும். 28 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) என்றால் ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது கிலோ. ஐந்தும் சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். கிட்டத்தட்ட அதே கொள்ளளவுள்ள எல்.எஃப்.பி. பேக் 15, 16 கிலோதான். லெட் ஆசிட் முழுதாக ஏற ராத்திரி முழுக்க வேண்டும். லித்தியம் சரியான சார்ஜரில் நாலு மணி நேரத்தில் ஏறிவிடும். விலையில் லெட் ஆசிட்டுக்குத்தான் சாதகம். திருச்சியில் நான் விசாரித்தபோது ஐந்து பேட்டரி செட் 20,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 30 ஏ.எச். லித்தியம் பேக்குக்கு 30,000-லிருந்து 36,000 வரை கேட்டார்கள், சார்ஜர் தனி. 'கிராஃபீன் பேட்டரி' என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒன்று காட்டுவார்கள். இந்த வண்டிகளுக்கு அந்தப் பெயரில் வருவதும் லெட் ஆசிட் வகைதான். தகட்டில் ஏதோ சேர்த்திருப்பார்கள். ஆனால் அதை மூன்றாவது ஒரு வகை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது எடையோ விலையோ இல்லை. பேட்டரியைத் தினமும் எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான்.

லெட் ஆசிட் பேட்டரி நிறைந்தே இருக்க விரும்பும். சார்ஜ் இறங்கும்போது உள்ளே தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். அப்படியே சில நாள் விட்டால் இறுகிப் படிகமாகிவிடும், அப்புறம் எந்த சார்ஜரும் அதை முழுதாகக் கரைக்காது. படிந்த இடம் வேலை செய்யாத இடம், அவ்வளவு கொள்ளளவு போனது போனதுதான். ஆகவே இரண்டு கிலோமீட்டர் போய்வந்தாலும் சார்ஜ் போட வேண்டும். அதுவும் பாதியில் பிடுங்காமல், பச்சை விளக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டு எடுக்க வேண்டும். ஊருக்குப் போகிறபோதும் நிறைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மாதம் நின்றால் இடையில் ஒருமுறை யாராவது சார்ஜ் போட வேண்டும்.

ஒரு வீட்டில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பிள்ளையை விட மனைவி எடுப்பார், பதினொரு மணிக்கு அப்பா பேங்குக்கு எடுப்பார், சாயங்காலம் யாரோ பால் வாங்க எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் பிளக் செருகி, பச்சை விளக்கு வரக் காத்திருந்து எடுக்கிற ஒழுங்கு எந்த வீட்டிலும் நிற்காது. முழுப்பரீட்சை லீவில் வண்டி மூலையில் கிடக்கும். லெட் ஆசிட் செட்டுகள் சாவது பெரும்பாலும் ஓடி ஓடி இல்லை, இப்படி அரைகுறைச் சார்ஜில் கிடந்துதான்.

எல்.எஃப்.பி. இந்த விஷயத்தில் நேர் எதிர். பாதியில் நிற்பது அதற்குச் சௌகரியமான நிலை. அரை மணி நேரம் கிடைத்தால் போட்டு எடுக்கலாம், இரண்டு நாள் மறந்தாலும் ஒன்றும் ஆகாது. நீண்ட நாள் நிறுத்துவதானால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டுப் போவதே நல்லது. ஒரே நிபந்தனை, வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்கிற சர்க்யூட் போர்டு செல்களைச் சமன் செய்வது பெரும்பாலும் சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான். பல பேர் வண்டி எடுக்கிற வீட்டுக்கு இவ்வளவு கவனிப்பு சாத்தியம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, ஐந்து பேட்டரியும் வரிசையில் கோத்திருப்பது. ஒன்று சோர்ந்தால் ஐந்தும் சோர்ந்த மாதிரிதான், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல. ஓடும்போது பலவீனமானது முதலில் காலியாகிறது, மற்றவை அதையும் சேர்த்து இழுக்கின்றன. சார்ஜ் போடும்போது சார்ஜருக்கு மொத்த வோல்டேஜ்தான் தெரியும், எது குறைவு என்று தெரியாது. அதனால் நல்ல நாலும் அளவுக்கு மேல் வெந்துபோகின்றன. கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து, "ஒண்ணுதான் போயிருக்கு, அதை மட்டும் மாத்திக்கலாம்" என்பார்கள். செலவு குறைவு என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தேய்ந்த நாலுக்கு நடுவில் புதியது ஒன்றைச் சேர்த்தால், சில மாதத்தில் அடுத்தது விழும், அப்புறம் அதற்கடுத்தது. முதல் செட்டில் எங்களுக்கு நடந்ததும் இதுதான். வாரண்டியில் ஒன்றை மாற்றித் தந்தார்கள், வாரண்டி முடிந்ததும் மற்றவை ஒவ்வொன்றாகப் போயின.

லித்தியம் பேக்கிலும் வரிசைதான். 60 வோல்ட் வண்டிக்கு 3.2 வோல்ட் செல்களை 20 வரிசையாகக் கோக்கிறார்கள், ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து உருளைச் செல் பக்கத்துக்குப் பக்கம். மொத்தம் 100 செல். வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒவ்வொரு வரிசையையும் பி.எம்.எஸ். தனித்தனியாகக் கண்காணிக்கிறது. ஒன்று அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். புளூடூத் உள்ள பி.எம்.எஸ். என்றால் போனிலேயே ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜையும் பார்க்கலாம். கூடுதலாக ஆயிரம், இரண்டாயிரம் கேட்டாலும் அதையே போடச் சொல்லுங்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது எல்லா வரிசையும் 0.03 வோல்ட் இடைவெளிக்குள் இருந்தால் பேக் ஆரோக்கியமாக இருக்கிறது. ஏதோ ஒன்று மட்டும் மாதாமாதம் விலகிக்கொண்டே போனால், வாரண்டிக்குள் கடைக்காரரிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு போய் நிற்கலாம். லெட் ஆசிட்டில் இப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை சீட்டைத் தூக்கி, மல்டிமீட்டர் வைத்து ஐந்தையும் அளக்க வேண்டும். செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள்தான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். லெட் ஆசிட்டின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்தில்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். திருச்சி சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வெயில் லித்தியத்துக்கும் ஆகாது. ஆனாலும் 300, 500 முழுச் சுற்றில் (நிறைந்து காலியாவது ஒரு சுற்று) ஆயுள் முடிகிற ஒன்றுக்கும், 1,500-க்கு மேல் தாங்குகிற ஒன்றுக்கும் வெயில் ஒரே அளவு வலிக்காது.

பணக் கணக்கும் இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு செட் என்றால் ஆறு வருடத்தில் மூன்று செட், 60,000 ரூபாய். பழையதை எடைக்குப் போட்டதைக் கழித்தாலும் 50,000 ஆகும். லித்தியம் ஆறு வருடம் ஓடினால் சார்ஜரையும் சேர்த்து 40,000-க்குள் முடியும். ஓடினால் என்றுதான் சொல்ல முடியும். எங்கள் பேக் இப்போதுதான் இரண்டாவது வருடத்தைத் தாண்டுகிறது. தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை, வாரண்டி மூன்று வருடம். எட்டு வருடம் வரும், பத்து வருடம் வரும் என்று கடையில் சொல்வதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். நாலு வருடம் வந்தாலே லெட் ஆசிட் கணக்கோடு சமமாகிவிடும் என்பதுதான் என் துணிச்சல்.

இனி லித்தியத்தின் பக்கம் இருக்கிற சங்கடங்கள்.

முதலாவது, அதை யார் செய்தார் என்பது. லெட் ஆசிட் பெட்டியில் கம்பெனி பெயர், தயாரித்த மாதம், வாரண்டி கார்டு எல்லாம் இருக்கும். லித்தியம் பேக் பெரும்பாலும் உள்ளூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு சின்னப் பட்டறையில் செல் வாங்கி, நிக்கல் பட்டை வைத்து வெல்டு அடித்துக் கட்டியதாக இருக்கும். நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு, கழித்துக்கட்டிய பி கிரேடு செல்லை நீலநிற பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்து விற்கிறவர்களும் உண்டு. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வாங்கும்போது கெப்பாசிட்டி டெஸ்ட் கேளுங்கள். முழு சார்ஜிலிருந்து காலியாகும் வரை இறக்கி, எத்தனை ஏ.எச். வந்தது என்று மீட்டரில் காட்ட வேண்டும். 30 என்று சொல்லி 24 காட்டினால் எழுந்து வந்துவிடலாம். எடையும் துப்புக் கொடுக்கும்: 100 செல் உள்ள பேக் 14 கிலோவுக்குக் குறைவாக இருக்கவே முடியாது, செல்லே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 140 கிராம்.

பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் என்பதும் முக்கியம். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் 25 ஆம்பியர் இழுத்தால் பி.எம்.எஸ். 40 ஆம்பியராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரோடு அரிஸ்டோ மேம்பாலம் ஏறும்போது துண்டித்துவிடும். பேக் உலோகப் பெட்டிக்குள் இருப்பதும் அவசியம். கால் வைக்கும் பலகைக்குக் கீழே பேட்டரி இருக்கிற வண்டிகளில் ஐப்பசி மழைத் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். லெட் ஆசிட்டில் தண்ணீர் பட்டால் டெர்மினல் பாசிபிடிக்கும், சுரண்டிவிட்டு ஓட்டலாம். பி.எம்.எஸ். போர்டில் தண்ணீர் இறங்கினால் பேக்கையே பிரிக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் லெட் ஆசிட் உறுதியானது.

பழைய சார்ஜரைத் தூக்கி வைத்துவிடுங்கள். 60 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் ஏற்றும் உச்சமும் 20 வரிசை எல்.எஃப்.பி. பேக்குக்கு வேண்டிய 73 வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். "இதுவே போதும்" என்று சொல்லும் கடைகள் உண்டு. போதாது. அது நிறைந்த பிறகும் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும்படி செய்தது, சிலவற்றில் சல்ஃபேட்டைக் கரைக்கத் துடிப்பு மின்சாரமும் விடுவார்கள். லித்தியத்துக்கு இரண்டுமே ஆகாது.

பழகிக்கொள்ள வேண்டியது மீட்டர். எல்.எஃப்.பி.யில் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். வண்டியின் மீட்டரோ வோல்டேஜை வைத்துத்தான் கட்டம் காட்டுகிறது. ஆகவே நிறைய இருப்பதாகவே காட்டிவிட்டு, முடிவுக்குப் பக்கத்தில் சட்டென்று விழும், பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துவிடும். லெட் ஆசிட் என்றால் முன்பே சோர்வு தெரியும். காலியானாலும் பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால் வீடு வரை ஊர்ந்தாவது வந்துவிடும். லித்தியத்தில் கிலோமீட்டரைக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் வழி, அல்லது போனில் பார்ப்பது.

தீப்பிடிக்குமா என்ற பயம் நியாயமானது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஈ-பைக் எரிந்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பதிவெண் உள்ள வண்டிகளின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியை 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். பட்டறையில் கட்டும் பேக்குக்கு அப்படிப்பட்ட சோதனை நடப்பதில்லை. அதனால்தான் எல்.எஃப்.பி. மட்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். நிக்கல், கோபால்ட் சேர்ந்த என்.எம்.சி. செல் அதே எடையில் அதிகத் தூரம் தரும், ஆனால் குறைந்த வெப்பத்திலேயே கட்டுப்பாடு இழக்கும். ஊருக்குள் 30 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்தக் கூடுதல் தூரம் எதற்கு? லித்தியம் எந்த வகையானாலும் படுக்கையறையிலோ வாசலை மறித்தோ சார்ஜ் போட வேண்டாம், எல்லோரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். நாலு மணி நேரத்தில் ஏறும் பேட்டரியைப் பகலிலேயே முடித்துவிடலாம்.

சரி, லெட் ஆசிட் யாருக்கு? வண்டியின் மோட்டார், கன்ட்ரோலர், பாடி எல்லாம் ஆட்டம் கண்டு, இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்கப்போகிறவருக்கு. பழைய வண்டி வாங்க வருகிறவர் புது லித்தியத்துக்காக 15,000 கூட்டித் தரமாட்டார். அடுத்து, லித்தியம் பேக்கைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லாத ஊரில் இருப்பவருக்கு. 12 வோல்ட் பேட்டரி எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் மாட்டுவார். பேக்கில் ஒரு வரிசை போனால் அதைக் கட்டியவரிடமே கொண்டுபோக வேண்டும், அவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பார்சல் செலவும் அலைச்சலும் உங்களுடையது.

எதை வாங்கினாலும், பழைய ஐந்தையும் கடையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. தராசில் வைத்து எடை போடச் சொன்னால் புது பில்லில் 3,000 ரூபாய்க்கு மேல் குறையும். அந்த எடையையும் கழித்த தொகையையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லித்தியம் என்றால் அதே பில்லில் செல் வகை, ஏ.எச்., பி.எம்.எஸ். ஆம்பியர், எத்தனை மாத வாரண்டி என்ற நாலு விவரமும் இருக்க வேண்டும்.