கும்பகோணம், தஞ்சாவூர் பக்கமிருந்து சிங்கப்பூர் போக திருச்சியா, சென்னையா?

வானில் அளந்தால் சென்னைதான் கொஞ்சம் கிட்டம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,930 கி.மீ., திருச்சியிலிருந்து 2,980. எங்கே ஏறினாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வித்தியாசம் தரையில்தான்.

கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 90 கி.மீ. சொச்சம், தஞ்சாவூர்க்காரர்களுக்கு அதைவிடப் பக்கம். காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். வழியனுப்ப வந்த அப்பா அம்மாவும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். சென்னை என்றால் 280 கி.மீ.க்கு மேல், ஆறேழு மணி நேரம். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியுமுன் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். தனி ஆளுக்குச் சரி. முறுக்கு, ஊறுகாய், அரிசி என்று பெட்டிகளோடு படியேறி இறங்குவது பெரிய பாடு.

சென்னையில் விமானங்கள் அதிகம், பெரிய விமானமும் கிடைக்கும். டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் கார் வாடகையையும் கூட்டிப் பாருங்கள். என் ஓட்டு திருச்சிக்கே, குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னே. நள்ளிரவில் கிளம்பினால் இறங்கும்போது அங்கே காலை ஆறரை.