ஐஸ் பெட்டியா, இறுக்கக் கையுறையா?

உம்மா மருதமுனையில் முப்பது வருடம் தறியில் இருந்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணால் தேட மாட்டார். விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். மார்பகப் புற்றுநோய்க்கு வாரம் ஒன்றாக 12 தடவை பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றதும், முடி கொட்டுமா என்று அவர் கேட்கவில்லை. "விரல் விறைச்சுப் போகுமாமே புள்ள, உண்மையா?" என்றுதான் கேட்டார்.

உண்மைதான், விரல் உணர்விழந்து மரத்துப் போகும். செல் பிரியவிடாமல் அதன் நுண்குழாய்களை இறுக்கிப் பிடிப்பதுதான் இந்த மருந்தின் வேலை. நரம்புக்குள் சாமான் ஏற்றி இறக்கும் தண்டவாளமும் அதே நுண்குழாய்கள்தான். ஆகவே ஆக நீளமான நரம்புகள் முதலில் அடிபடும், அதாவது கால்விரலும் கைவிரலும். வாந்திக்கு மாத்திரை உண்டு. ஒவ்வாமைக்கு ஏற்றும் முன்னரே டெக்ஸாமெதசோன் கொடுத்துவிடுவார்கள். (மருந்தைக் கரைக்க ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த ஒரு திரவம் சேர்க்கிறார்கள், ஒவ்வாமையில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது.) விறைப்பைத் தடுக்க மட்டும் நிரூபணமான மாத்திரை இல்லை. மிச்சம் இரண்டு வழி: கையைக் குளிர வைப்பது, இல்லாவிட்டால் இறுக்கிக் கட்டுவது. விரல் நுனிக்குப் போகும் இரத்தம் கொஞ்ச நேரம் குறைந்தால் அங்கே சேரும் மருந்தும் குறையும், இரண்டிலும் கணக்கு இதுதான்.

குளிருக்கு ஆதாரம் நல்லது. 2018இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் ஒரு பக்கக் கை காலுக்கு மட்டும் உறைந்த கையுறையும் காலுறையும் போட்டு, மற்றப் பக்கத்தைச் சும்மா விட்டார்கள். தொடு உணர்வு குறைந்தது குளிர வைத்த கையில் 28 வீதத்தினருக்கு, சும்மா விட்ட கையில் 81 வீதத்தினருக்கு. ஏற்றத் தொடங்க 15 நிமிடம் முன்னிருந்து, முடிந்து 15 நிமிடம் வரை கை குளிரில் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வுக்காரர்கள் கல்முனை பஸ்ஸில் வரவில்லை. நாங்கள் முதல் நான்கு தடவை மீன் விற்பவரிடம் ரெஜிபோம் பெட்டி வாங்கி, சொப்பிங் பேக்கில் உறைய வைத்த ஐஸை நிரப்பிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனோம். எத்தனை கழுவியும் பெட்டியில் மீன் வாடை போகவில்லை. காத்தான்குடி தாண்டும்போதே அடியில் தண்ணீர். பெயர் கூப்பிடும் வரை இன்னும் இரண்டு மணி நேரம். ஏற்றும் நேரத்தில் பாதி ஐஸ்தான் மிஞ்சியது. பருத்திக் கையுறைக்கு மேலேதான் ஐஸை வைத்தோம் (நேரே தோலில் பட்டால் புண்ணாகும்). அப்படியும் உம்மாவுக்குக் கடைசிப் பத்து நிமிடம் கண்ணில் நீர் கோத்துவிடும். ஒட்சிசன் பார்க்கும் கிளிப் குளிர்ந்த விரலில் எண் காட்டாமல் தாதியையும் அலைக்கழித்தது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் குடல் புற்றுநோய்க்கு ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டிருந்த ஐயாவுக்கு, வெயிலுக்கு நல்லதென்று நான் ஒரு துண்டு ஐஸை நீட்டினேன். தாதி ஓடி வந்து தடுத்தார். அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும், பிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரலில் முள் குத்தும். இரண்டுமே நரம்பைப் பாதிக்கும் மருந்துகள்தான், ஆனால் ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கு வினை. மருந்தின் பெயர் தெரியாமல் யாருக்கும் ஐஸ் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது தடவையில் இருந்து கையுறை. சத்திரசிகிச்சைக் கையுறை, கைக்குச் சரியான அளவைவிட ஒரு சைஸ் சிறியது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. உம்மாவின் கைக்கு ஏழு, ஆறரை வாங்கினோம். 2016இல் வெளிவந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வில் ஏற்றும் முன் 30 நிமிடம், பின் 30 நிமிடம் சேர்த்துப் போட்டார்கள். தொல்லை தரும் அளவு விறைப்பு கையுறை போட்ட கையில் 21 வீதம், போடாத கையில் 76. சுமக்க ஒன்றுமில்லை, கைப்பைக்குள் அடங்கும், உருகாது. போடுவதுதான் பாடு: மாவு பூசியும் கட்டைவிரல் போக ஐந்து நிமிடம் பிடிக்கும். கனியூலா (மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) புறங்கையில் இருந்தால் சரிவராது என்பதால் முன்கையில் குத்தச் சொல்லி முதலிலேயே கேட்க வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பக்கம் கை வீங்குபவர்கள் டொக்டரைக் கேட்காமல் இறுக்கவே கூடாது. இறப்பர் ஒவ்வாதவர்களுக்கு வேறு வகை.

ஜெர்மனியில் 122 பேரிடம் இரண்டையும் பார்த்தார்கள். சும்மா விட்ட கையோடு ஒப்பிட்டால், மோசமான விறைப்பு குளிரால் 50இல் இருந்து 29 வீதத்துக்கும், இறுக்கத்தால் 38இல் இருந்து 24க்கும் இறங்கியது. என் கண்ணுக்கு இதில் வெற்றி தோல்வி இல்லை. நகம் கறுத்துக் கழலுவதையும் குளிர் குறைக்கும், அது ஐஸுக்கு ஒரு புள்ளி. வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம், உறைந்த பொதியை இடையில் மாற்ற உங்களோடு ஒருவர் நிற்பார் என்றால் ஐஸ். பஸ்ஸில் வருபவர்களுக்குக் கையுறை. காலுக்கு இறுக்கமான மருத்துவக் காலுறை.

ஏற்கெனவே எரிவும் வலியும் வந்துவிட்டால் டியுலொக்செட்டின் என்ற மாத்திரை வலியைக் கொஞ்சம் தணிக்கும், போன உணர்வைத் திருப்பித் தராது. அசெட்டில் கார்னிட்டின் கலந்த "நரம்புச் சத்து" வில்லைகள் பக்கம் போகவே வேண்டாம். 2013 ஆய்வொன்றில் அது விறைப்பைக் கூட்டியது. பொத்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் டொக்டரின் கையில்.

உம்மா 12ஐயும் முடித்தார். இழை முடிகிறார், முன்னைவிட மெதுவாக. கால் பெருவிரல் மட்டும் இன்னும் பஞ்சில் மிதித்த மாதிரியாம். இரண்டு கைக்கும் இரண்டு வழியையும் செய்ததால் எது காப்பாற்றியது என்று நான் சொல்ல முடியாது. மிஞ்சிய நான்கு சோடி ஆறரையைக் கல்லாற்றில் இருந்து வரும் ஓர் அக்காவிடம் கொடுத்தோம். அவர் போட்டுப் பார்த்துச் சிரித்தார். அவருடைய சரியான அளவே ஆறரைதான், ஆறு வாங்க வேண்டும்.