மினியாபொலிசா, மேடிசனா? சைக்கிளுக்காக ஊர் மாறியவனின் கணக்கு

2022 செப்டம்பரில் டாலஸ் பக்கம் இர்விங்கிலிருந்து கிளம்பி வந்தோம். வேலை இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே என்று ஆகிவிட்டது, மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு பாக்கெட் பால் வாங்கக் கூட காரை எடுக்க வேண்டிய இடத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை குழந்தையை வெளியே விட முடியாத வெயிலில், இன்னும் பத்து வருடம் ஓட்ட எங்களுக்கு மனமில்லை. சைக்கிளில் அன்றாடம் போய்வரக்கூடிய, ஏரியும் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர் வேண்டும் என்று தேடியதில் கடைசியில் நின்றவை இரண்டு: மினசோட்டாவின் மினியாபொலிஸ், விஸ்கான்சினின் மேடிசன். சிகாகோவையும் பார்த்தோம். ஏரிக்கரையோரம் 18 மைல் பாதை, அழகுக்குக் குறைவே இல்லை, ஆனால் எங்கள் பணத்துக்குக் கிடைத்த வீடுகளிலிருந்து அந்தப் பாதைக்குப் போய்ச் சேருவதே பெரும் பாடாக இருந்தது, அதனால் விட்டுவிட்டோம்.

நாங்கள் எடுத்தது மினியாபொலிஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதுவது எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டு ஊரிலும் ஏரிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, இரண்டிலும் கோடைக்காலம் சொர்க்கம், இரண்டிலும் ஜனவரி கடுமை. மினியாபொலிஸில் நாலேகால் லட்சம் பேருக்கு மேல், மேடிசனில் இரண்டே முக்கால் லட்சம் பேர் அளவில். அமெரிக்க சைக்கிளோட்டிகள் சங்கம் கொடுக்கும் தரவரிசையில் மேடிசன் பிளாட்டினம், மினியாபொலிஸ் தங்கம். பதக்கத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். பிளாட்டினம் ஊரிலும் தப்பான தெருவில் வீடு எடுத்தால் சைக்கிள் கராஜில்தான் கிடக்கும்.

மேடிசனுக்கு மூன்று முறை போனேன், எல்லாம் சேர்த்தால் பத்து நாள் இருக்கும். என் கல்லூரி ஜூனியர் ஒருவன் தெற்கே ஃபிட்ச்பர்க்கில் இருக்கிறான், அவன் வீட்டில்தான் தங்கல். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு, அதன் மேல் சட்டமன்றக் கட்டடம், அதைச் சுற்றி ஊர். சனிக்கிழமை காலை அந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் கூடும் உழவர் சந்தைக்குப் பாதிப் பேர் சைக்கிளில் வந்ததுபோல் இருந்தது. மொனோனா ஏரியைச் சுற்றி வர சுமார் 12 மைல், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்து சாப்பிட உட்காரலாம்.

ஊரைத் தாண்டினால் மேடிசனுக்கு ஈடே இல்லை. விஸ்கான்சினின் தென்மேற்கைப் பனியாறுகள் தொடவில்லை, அதனால் மற்ற இடம் மாதிரி தட்டையாக மழிக்கப்படாமல் மேடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது. பால்பண்ணைகளுக்கு நடுவே, அதிகம் கார் வராத தார்ச் சாலைகள். டாட்ஜ்வில் வரை 40 மைல் போகும் மிலிட்டரி ரிட்ஜ் பாதை ஒரு பழைய ரயில் தடம். இன்னும் வடமேற்கே போனால் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை, 1960-களிலேயே ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கிய முன்னோடி, 32 மைல், மூன்று சுரங்கங்கள். அதில் மூன்றாவது முக்கால் மைல் நீளம். கோடையிலும் உள்ளே குளிர், மேலிருந்து தண்ணீர் சொட்டும், டார்ச் இல்லாமல் போகவே கூடாது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டில் நடந்ததை இன்றும் பேசுகிறாள். டெவில்ஸ் லேக் பூங்காவின் பாறை முகடுகளும் மேடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். விஸ்கான்சினின் மாநிலப் பாதைகள் பலவற்றில் 16 வயது நிரம்பியவர்கள் சைக்கிள் ஓட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், மினசோட்டாவில் அது கிடையாது. சின்னத் தொகைதான், பொருட்படுத்த வேண்டாம். வார இறுதியில் அறுபது எழுபது மைல் மேடேறி இறங்குவதுதான் உங்கள் ஆசை என்றால் மேலே படிக்கவே வேண்டாம், மேடிசனுக்குப் போங்கள்.

எங்கள் ஆசை அது இல்லை. மகளைப் பள்ளியில் விடுவது, காய்கறி, நூலகம், நீச்சல் வகுப்பு, இதெல்லாம் பன்னிரண்டு மாதமும் சைக்கிளில் நடக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மைல் பாதை இருக்கிறது என்பதல்ல. பனி கொட்டின மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரைக்கும் யார் பனியை வாருகிறார்கள்?

இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் வந்த முதல் குளிர்காலமே 2022-23. மொத்தம் 90 அங்குலம் பனி, பதிவான வரலாற்றிலேயே மூன்றாவது இடம். முதல் வீடு மிட்டவுன் கிரீன்வேயிலிருந்து ஏழு தெரு தள்ளி. அந்த கிரீன்வே ஊரின் குறுக்கே 5.5 மைல் ஓடும் பழைய ரயில் பள்ளம், பெரும்பகுதி தெரு மட்டத்துக்குக் கீழே, மேலே வரிசையாகப் பாலங்கள். அந்தப் பள்ளத்துக்குள் காரே குறுக்கிடாது. இராத்திரி பனி கொட்டியிருந்தாலும் காலையில் சரிவில் இறங்கினால் கீழே கறுப்பாகத் தார் தெரியும், பனி வாரும் ப்ளோ வண்டி அதற்குள் போய்விட்டிருக்கும். மேலே அடிக்கும் காற்றும் அந்தப் பள்ளத்துக்குள் பாதிதான். மைனஸ் 15 செல்சியஸில் காற்று குறைவதும் கூடுவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு முறை ஓட்டினால் புரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சரிவு வரைக்கும் ஏழு தெரு இருக்கிறதே. உட்தெருக்களில் வாருவார்கள், ஆனால் அடி வரைக்கும் வார மாட்டார்கள். மீந்த பனி கார்ச் சக்கரத்தில் நசுங்கி, மதியம் கொஞ்சம் உருகி, இரவில் உறைந்து, பிப்ரவரியில் நாலைந்து அங்குல ஆழத்துக்குக் கல்லில் செதுக்கின மாட்டுவண்டித் தடம் மாதிரி ஆகிவிட்டது. முன்சக்கரம் அதற்குள் இறங்கினால் அது போகிற வழிதான் நம் வழி, திருப்ப முடியாது. எதிரே கார் வந்தால் ஒதுங்கவும் முடியாது. அந்த வருடம் தெருக்கள் இருபுறமும் சுருங்கி, ஒரு பக்கம் மட்டும்தான் கார் நிறுத்தலாம் என்று நகராட்சி உத்தரவு போட வேண்டி வந்தது. முனைக்கு முனை ப்ளோ வண்டி தள்ளிவிட்டுப் போன பனிக்குவியல் வேறு. மகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அதன் மேல் சைக்கிளைத் தூக்கிக் கடப்பது நடக்காது. ஐந்து வாரம் அவளைக் காரில்தான் கொண்டு விட்டேன். எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அது நடக்கவில்லையே என்று மனது மிகவும் சங்கடப்பட்டது.

மறு வருடம் கிரீன்வே சரிவிலிருந்து ஒன்றரைத் தெருவில் வீடு பிடித்தோம், வாடகை கொஞ்சம் கூட. ஒன்றரைத் தெரு என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எங்களுக்கு ஊர் மாறியதை விட இந்த வீடு மாறியதுதான் பெரிய மாற்றம். 2023-24 பனியே இல்லாத வருடமாகப் போனதால் பரீட்சை தள்ளிப்போனது, ஆனால் அதற்கப்புறமும் மகளைக் காரில் விட்ட நாட்கள் கைவிரலில் அடங்கும்.

சரி, சைக்கிள் பராமரிப்பு. குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு பழைய சைக்கிள் வைத்துக்கொள்ளுங்கள், நல்லதை நவம்பரில் சுவரில் மாட்டிவிடுங்கள். சாலையில் கொட்டும் உப்பு ஒரே பருவத்தில் செயினைத் தின்றுவிடும். என் முதல் செயின் பொங்கல் சமயத்தில் ஆரஞ்சு நிறமாகி, பிப்ரவரியில் கண்ணிகள் மடங்க மறுத்தன, விரலால் வளைத்தால் வளைத்தபடியே நின்றது. பாசத்தில் சைக்கிளைத் தினமும் கதகதப்பான பேஸ்மென்ட்டுக்குள் வைத்ததுதான் நான் செய்த தவறு. ஒட்டியிருக்கும் பனி அங்கே உருகி உப்புத்தண்ணீராகி எல்லா இடுக்கிலும் இறங்கும், துரு பிடிப்பது அப்போதுதான். இப்போது சூடில்லாத கராஜிலேயே விடுகிறேன், ஞாயிறு மட்டும் உள்ளே கொண்டுவந்து வெந்நீர்த் துணியால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, எண்ணெய் போட்டுத் திரும்ப வைக்கிறேன். பிரேக் கேபிளுக்குள் தண்ணீர் போய் உறைந்தால் பிடி அழுந்தாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி பதித்த டயர் இரண்டு, கைப்பிடியை மூடும் உறை ஒரு ஜோடி, இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் தாரில் ஆணி டயர் பொரி வறுக்கிற மாதிரி சத்தம் போடும், கண்ணாடிப் பனியில் ஏறினதும் சத்தம் அப்படியே அடங்கிவிடும். எப்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதை அந்த அமைதிதான் எனக்குச் சொல்கிறது.

மேடிசனில் இது எப்படி? அங்கே ஒரு முழு குளிர்காலத்தை நான் கழித்ததில்லை, ஒரு பிப்ரவரியில் நான்கு நாள், அதுதான் என் அனுபவம். பார்த்தவரை தென்மேற்குப் பாதை என்ற ஊர்ச் சைக்கிள் பாதையைச் சுத்தமாக வாரியிருந்தார்கள், ஒரு நாள் காலையில் மினியாபொலிஸை விட நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒடுங்கிய நிலத்துண்டில் உறைந்த ஏரி மேலிருந்து தடையில்லாமல் வரும் காற்றை மறக்க முடியாது. ஃபிட்ச்பர்க் நண்பனிடம் தினமும் ஓட்டுகிறாயா என்று கேட்டேன். “பாதை நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா என் வீட்டிலேர்ந்து பாதைக்குப் போக ஒரு பெரிய ரோட்டைத் தாண்டணும், அதனால டிசம்பரோட நிறுத்திடுவேன்” என்றான். அவனுக்கும் அதே ஏழு தெருப் பிரச்சினைதான்.

அப்படியானால் மினியாபொலிஸ் ஏன்? சைக்கிள் கைவிட்டால் பிடித்துக்கொள்ள இங்கே ரயில் இருக்கிறது. புளூ லைன், கிரீன் லைன் இரண்டிலும் பெட்டிக்குள்ளேயே சைக்கிளைத் தொங்கவிடக் கொக்கி உண்டு. மைனஸ் 25-இல் பாதி வழியில் விரல் மரத்துப்போனால் கிரீன்வேயிலிருந்து ஏறி லேக் தெரு நிலையத்துக்குப் போய்விடலாம், இரண்டு முறை போயிருக்கிறேன். மேடிசனில் வேகப் பேருந்து 2024 செப்டம்பரில்தான் வந்தது, நாங்கள் முடிவெடுத்தபோது அது இல்லை. இன்று முடிவெடுப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேலையும் ஒரு காரணம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேடக் கையில் அதிகபட்சம் 60 நாள். மேடிசனில் பல்கலைக்கழகம், மாநில அரசு, பக்கத்து வெரோனாவில் இருக்கும் மருத்துவ மென்பொருள் நிறுவனமான எபிக், சில காப்பீட்டு நிறுவனங்கள் என்று ஒரு கைப்பிடியில் அடங்கிவிடும். இங்கே டார்கெட், பெஸ்ட் பை, மெட்ரானிக், 3எம், வங்கிகள் என்று கதவுகள் அதிகம். தமிழ்ப் பள்ளியும் உண்டு. மேப்பிள் குரோவ் இந்துக் கோயிலுக்கு மட்டும் காரில்தான் போகிறோம், குளிரில் அவ்வளவு தூரம் குழந்தையோடு சைக்கிள் மிதிக்க முடியாது. இரண்டு காரில் ஒன்றை விற்றோம், இன்னொன்றை வைத்திருக்கிறோம்.

இங்கே குறையும் உண்டு. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், விளக்கு இருந்தும் கிரீன்வே பள்ளத்தில் ஆள் குறைவு, இரவு எட்டுக்கு மேல் என் மனைவி தனியாக அதில் போவதில்லை, மேல் தெருவில்தான் வருகிறாள். சைக்கிள் திருட்டு உண்மையான பிரச்சினை, பூட்டிவிட்டுப் போன இடத்திலிருந்து எங்களுடையது ஒன்று போய்விட்டது. வருமான வரியும் மினசோட்டாவில் லேசு இல்லை, டெக்சாஸிலிருந்து வருபவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டு அதிர்ச்சியாக இருக்கும். 2023 ஜூனில் கனடா காட்டுத்தீயின் புகை வந்து நாட்கணக்கில் வெளியே போக முடியவில்லை, ஆனால் அந்தக் கோடையில் மேடிசனும் அதிலிருந்து தப்பவில்லை.

எந்த ஊரானாலும் பார்க்கப் போவது பிப்ரவரியில் இருக்கட்டும். ஜூலையில் மினியாபொலிஸின் பிடே மகா ஸ்கா ஏரியைச் சுற்றி வந்தால் யாரும் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுவார்கள். பனி விழுந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, நீங்கள் எடுக்க நினைக்கும் வீட்டு வாசலிலிருந்து பாதை வரை நடந்து பாருங்கள், எத்தனை இடத்தில் கால் வழுக்குகிறது என்று எண்ணுங்கள். எபிக்கில் வேலை கிடைத்து வருபவர் என்றால் மேடிசன்தான், வேறு யோசனை வேண்டாம். ஆனால் தென்மேற்குப் பாதையிலிருந்து இரண்டு தெருவுக்குள் வீடு பாருங்கள். நண்பனும் இப்போது அங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறான்.