"உங்கள் நூல் தேர்வாகியிருக்கிறது" என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களா? கவனம்!

முதல் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பகம் தேடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

போனில் அழைத்தவர், "ஆசிரியர் குழு உங்க சிறுகதைத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கு சார், வாழ்த்துகள்" என்றார். 10 விழுக்காடு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கான பங்கு), 500 பிரதிகள், சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, அரசு நூலகங்கள் வாங்குவதற்கான நூலக ஆணைக்கு விண்ணப்பம் என்று அடுக்கினார். கடைசியில்தான் "எழுத்தாளர் பங்களிப்பு 45,000 ரூபாய்" வந்தது. கட்டினேன்.

வீட்டுக்கு வந்தவை 50 பிரதிகள். மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்திய அடையாளமே இல்லை. யூனிகோடில் அனுப்பிய கோப்பை ஏதோ பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில், 'ஸ்ரீ' வரும் இடமெல்லாம் வெற்றுக் கட்டம். தொகுப்பின் நீளமான கதை ஸ்ரீரங்கத்தில் நடப்பது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கட்டம், அதன் பின்னால் 'ரங்கம்'. பின்னட்டையில் ஓர் ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் தனி அடையாள எண்), உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் வேறோர் எண். கேட்டதற்கு, "அடுத்த பிரிண்ட்ல சரி பண்ணிடலாம் சார்" என்றார்கள். மீதி 450 பிரதிகள்? "ஆர்டர் வர வர அடிச்சுக் கொடுப்போம்." அதாவது, 500 பிரதிகள் அச்சாகவே இல்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போனேன். அவர்கள் அரங்கில் என் புத்தகம் ஓர் அடுக்கிலும் இல்லை. விற்பனைக்கு நின்ற பையன் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைத் துழாவி ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

மரபான பதிப்பகம் தன் காசைப் போட்டு அச்சடிக்கிறது. விற்றால்தான் போட்டதை எடுக்க முடியும். எழுத்தாளர் தானே வெளியிட்டால் செலவு அவருடையது, ஆனால் உரிமையும் வருமானமும் அவருக்கே. என்னிடம் நடந்ததில் செலவு என்னுடையது, உரிமை அவர்களுடையது. விற்பதற்கு முன்பே அவர்களுக்கு லாபம் வந்துவிட்டது. பிறகு எதற்காக விற்கப்போகிறார்கள்?

பணத்தைவிட என்னை வதைப்பது ஒப்பந்தத்தின் ஒரு வரிதான்: மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் அனைத்தும் பதிப்பகத்துக்கு. காலவரம்பு எதுவும் எழுதவில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ஐ எல்லோரும் ஒருமுறை படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதப்படாதவரை, மாற்றிக்கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். என் புத்தகத்துக்கு இன்றுவரை மின்னூல் வரவில்லை. அந்த உட்பிரிவைச் சுட்டிப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன்.

'ஐ.எஸ்.பி.என். வாங்கிய செலவு' என்று 3,000 ரூபாயும் என் கணக்கில் எழுதியிருந்தார்கள். இந்தியாவில் அதற்குக் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றவும் காசு கட்டத் தேவையில்லை. அங்கே அடிப்படை ராயல்டியே 35 விழுக்காடு.

காசு வாங்கும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. 'அச்சிட்டுத் தருகிறோம், இவ்வளவு ஆகும், உரிமை உங்களுடையது' என்று நேராகச் சொல்லி ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 'தேர்வு' என்ற சொல்லோடு பணமும் கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை பிரதிகள் அச்சாகும், அச்சகத்தின் ரசீது காட்டுவார்களா, ராயல்டிக் கணக்கு எந்த மாதம் வரும், எந்தெந்த உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அதே பதிப்பகத்தில் இரண்டு வருடத்துக்கு முன் புத்தகம் போட்ட ஒருவரிடமும் பேசுங்கள். நான் பிறகு பேசிய இருவருக்குமே ராயல்டிக் கணக்கு என்று ஒரு தாள்கூட வரவில்லை.

உங்களிடம் இப்படி ஓர் ஒப்பந்தம் வந்திருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள். பதிப்பகத்தின் பெயரை மறைத்து என்னுடையதை அனுப்புகிறேன், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.