லார்க் ஹில் ஒயினகம்: 860 மீட்டர் உயரத்தின் சுவை

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவிலிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில், பங்கெண்டோர் ஊருக்கு அருகே, ஜார்ஜ் ஏரியை ஒட்டிய மலைவிளிம்பின் மேல் இருக்கிறது லார்க் ஹில். டேவிட், சூ கார்பெண்டர் தம்பதி 1978-இல் தொடங்கிய சிறிய குடும்ப ஒயினகம் இது. பின்னாளில் ஒயின் அறிவியலும் திராட்சை வளர்ப்பும் படித்த மகன் கிறிஸ்டோபரும் சேர்ந்துகொண்டார். 2003 முதல் பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மைதான்; ரசாயனம் தவிர்த்து, கொம்பில் செய்த உரத்தையும் நிலவின் நாட்களையும் நம்பும் முறை அது. வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது மாட்டுக்கொம்பையும் நிலவு நாட்காட்டியையும் பற்றித்தான். ஆனால் இங்கே ஒயினின் குணத்தைத் தீர்மானிப்பது தோட்டம் இருக்கும் உயரம்.

தோட்டம் 860 மீட்டரில் இருக்கிறது. கான்பெரா விமான நிலையத்தைவிட 280 மீட்டர் மேலே. 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குளிர் கூடும் என்ற கணக்கில், சமவெளியைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் குறைவு. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பழம் முற்றுவது வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. இரவுகள் குளிர்வதால் பழத்தில் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் எரிந்து தீராமல் தங்குகிறது. சர்க்கரை மெதுவாக ஏறுவதால், ஆல்கஹால் அளவு எகிறுவதற்குள் மணமும் முற்றிவிடுகிறது. கூர்மையான புளிப்பும், ஒயின்காரர்கள் மெல்லிய உடல் என்று சொல்லும் வாயில் கனக்காத தன்மையும் இங்கிருந்துதான் வருகின்றன.

உயரத்துக்கு விலையும் உண்டு. பூக்கும் பருவத்தில் குளிர்காற்றும் மழையும் சேர்ந்தால் பூ உதிர்ந்து, குலையில் காய் பிடிக்காது. மழையோடு குளிர் முந்திவிட்ட ஆண்டுகளில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் இரகம் பச்சைத் தண்டு வாசனையோடு நின்றுவிடக்கூடும். பனிக்கருகலில் மட்டும் மலைவிளிம்பு கைகொடுக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே ஏரிப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். உயரமான இடம்தான் பனியில் அதிகம் கருகும் என்று நினைப்பது தவறு, காற்று தேங்கும் பள்ளம்தான் முதலில் கருகும்.

இனி கொம்புக்கு வருவோம். பால்மாட்டின் சாணத்தைப் பசுக்கொம்பில் அடைத்து, இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைத்து, ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து வசந்தத்தில் எடுப்பார்கள். நம்மூர் இயற்கை விவசாயிகள் கொம்புச் சாண உரம் என்று சொல்வது இதைத்தான். நன்றாக முதிர்ந்திருந்தால் சாண நாற்றம் துளியும் இருக்காது, மழை பெய்த காட்டு மண்ணின் வாசம் வரும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பச்சையாக நாறினால் முதிரவில்லை. உலர்ந்து பொடியாகிவிட்டால் வைத்த இடம் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் அளவு எக்டேருக்கு 85 கிராம், 34 லிட்டர் வெதுவெதுப்பான நீரில். ஒரு மணி நேரம் கலக்க வேண்டும்: ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் ஆழமான சுழி விழுந்ததும் சட்டென்று திருப்பி எதிர்ப்பக்கம். கலக்கியதை ஓரிரு மணி நேரத்துக்குள், மாலையில், ஈர மண்ணில் பெருந்துளிகளாகத் தெளித்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் தெளித்தால் அத்தனை உழைப்பும் வீண்.

படிகக்கல் மாவைக் கொம்பில் அடைத்துச் செய்யும் சிலிக்கா உரம் இதற்கு நேரெதிர். எக்டேருக்குச் சில கிராம் போதும். அதிகாலையில், இலைமேல் மூடுபனி போல. வெயில் ஏறிய பிறகோ வறட்சியில் வாடிய கொடியிலோ தெளிப்பதை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள், இலை கருகும் என்பதால்.

85 கிராம் சாணம் ஒரு எக்டேரை மாற்றுமா? உறுதியாக ஆம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நிலவு நாட்காட்டி பழ நாள், வேர் நாள் என்று நாட்களைப் பிரிக்கிறது. பழ நாளில் குடித்தால் ஒயின் இனிக்கும், வேர் நாளில் மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை நியூசிலாந்தில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் 19 பேர், பினோ நுவார் 12 வகை. நாளுக்கு நாள் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே லார்க் ஹில்லுக்குப் போக நிலவைப் பார்க்க வேண்டாம். அதே சமயம், இந்த முறை கூடவே கொண்டுவரும் கட்டுப்பாடுகளை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. களைக்கொல்லி இல்லை, ரசாயன உப்பு உரம் இல்லை, ஊடுருவும் பூஞ்சைக்கொல்லி இல்லை. மட்கு உரமும் வரிசைகளுக்கு இடையே புல்லும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கின்றன. சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம், கையில் இருப்பவை பெரும்பாலும் இவ்வளவுதான். இரண்டும் வந்த நோயைத் தீர்ப்பவை அல்ல, வருமுன் தடுப்பவை. மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். இப்படி விவசாயம் செய்கிறவர் நாள்தோறும் கொடியைப் பார்த்தே ஆக வேண்டும், அந்தக் கவனம் பழத்தில் தெரியும்.

எதை வாங்கலாம்? முதலில் க்ரூனர் வெல்ட்லீனர். இந்த ஆஸ்திரிய வெள்ளை ஒயின் இரகத்தை ஆஸ்திரேலியாவில் முதலில் நட்டது லார்க் ஹில்தான். பச்சைப் பேரிக்காய், எலுமிச்சைத் தோல், முடிவில் வெள்ளை மிளகு. அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். நம் சமையலறை மிளகின் மணமும் அதிலிருந்தே வருகிறது. குளிர்ந்த இடத்துத் திராட்சையில் அது அதிகம் சேரும். இதனால் மிளகு வறுவலோடும் மிளகுக் குழம்போடும் இந்த ஒயின் பொருந்திப்போகும். 8 முதல் 10 பாகையில் பரிமாறுங்கள். பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் மிளகு அடங்கிவிடும்.

அடுத்தது ரீஸ்லிங், இதுவும் வெள்ளை ஒயின்தான். புளி சேர்ந்த மீன் குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் எதுவும் சப்பென்று ஆகிவிடும், ரீஸ்லிங் தாக்குப்பிடிக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுகள் இருட்டில், சீரான குளிரில் வைக்கலாம். பினோ நுவாரை ஆண்டு பார்த்துத்தான் வாங்க வேண்டும். நல்ல ஆண்டில் அருமை, குளிர் மிஞ்சிய ஆண்டில் மெலிவு. அங்கேயே சுவைத்துப் பார்க்காமல் பெட்டியாக எடுக்காதீர்கள்.

ஷிராஸ், சாஞ்சொவேசே, வியோன்யே போன்றவை இந்த மலையில் முற்றாது. அவை 2011-இல் குடும்பம் வாங்கிய முரம்பேட்மன் தோட்டத்தின் இரகங்கள், அது தாழ்வான, வெப்பம் கூடிய இடம். மோசமானவை அல்ல. ஆனால் இவ்வளவு தூரம் ஏறி வந்தது மலையின் சுவைக்காக என்றால், எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2020 என்று அச்சிட்ட கான்பெரா ஒயின்கள் அரிது. 2019-20 கோடைக் காட்டுத்தீயின் புகையால் அந்த ஆண்டு அறுவடையை இந்த வட்டாரத்தில் பலர் கைவிட்டார்கள். புகையின் சேர்மங்கள் தோலில் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்திருக்கும். பழத்தைத் தின்றால் தெரியாது. நொதித்து ஒயினான பிறகு சாம்பல் கசப்பாக வெளியே வரும். தோலோடு ஊறும் சிவப்பு ஒயினில் ஆபத்து அதிகம்.

வீட்டில் இரண்டு விஷயம் பயமுறுத்தலாம். புட்டியின் அடியில் கற்கண்டுத் தூள் போலப் படிவது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. கெடுதல் இல்லை, புளிப்பு மிகுந்த ஒயினைக் குளிரூட்டும்போது வருவது. திருகுமூடி திறந்ததும் தீக்குச்சி வாசனை வந்தால் குவளையில் ஊற்றிச் சுழற்றி 15 நிமிடம் விடுங்கள், போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்து, அது பிறகும் நின்றால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

போவதற்கு முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்குத் தோட்டங்களில் நடந்த காலணி என்றால் வேறு மாற்றிக்கொள்ளுங்கள். வேரைத் தின்னும் ஃபிலாக்செரா பூச்சி மண்ணோடு ஒட்டிவரும், கொடிவரிசைக்குள் அனுமதியின்றி இறங்கக் கூடாததும் அதனால்தான். ஓட்டுநருக்கான இரத்த ஆல்கஹால் எல்லை 0.05 சதவீதம், கற்றுக்கொள்பவர்களுக்கும், புதிதாக உரிமம் பெற்று வண்டியில் P பலகை மாட்டியவர்களுக்கும் பூஜ்யம். துப்புகிண்ணம் கேட்டு வாங்கிச் சுவையுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்தி சாய்ந்தால் பங்கெண்டோர் சாலையில் கங்காருகள் குறுக்கே வரும், நான்கு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவது நல்லது.