முன்பக்கம் மீன், பின்பக்கம் மக்காச்சோளம்: ஒரு பூனைத் தீனிப் பாக்கெட்டை எட்டு மாதம் வைத்துப் பார்த்தேன்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். விடியக்காலம் ஐந்தரை மணிக்குக் கேன் வந்து இறங்கும்போதே கொழுப்பு எவ்வளவு, மற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுவோம். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. மாட்டுத்தீவன மூட்டையும் அப்படித்தான். தைத்திருக்கிற சீட்டில் புரதம் 20, நார் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று படித்த பிறகுதான் இறக்கச் சொல்வேன்.

வீட்டில் இரண்டு பூனை. கருப்பட்டி கடுவன், ஐந்து வயது, கருத்தடை செய்தது. வெள்ளச்சி அதைவிடச் சின்னது. முன்பு இரண்டும் சோறும் மீனும் தின்று வளர்ந்தவைதான். போன வருடம் மீன் வரத்துக் குறைந்த நாட்களில், பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் ஒரு 1.2 கிலோ பாக்கெட் வாங்கி வந்தேன். 410 ரூபாய். அம்மா திண்ணையில் இருந்தபடியே, "ஏட்டி, பூனைக்கு என்னத்துக்குப் பாக்கெட்டு? நாலு சாளையை அவிச்சுப் போட்டா திங்காதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்குச் சரியான பதில் கிடைக்க எட்டு மாதம் ஆனது.

பெயரை எழுதவில்லை. இதே விலையில் நாலைந்து கம்பெனிப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டேன், பின்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அதனால் உங்கள் கையில் இருக்கிற பாக்கெட்டுக்கும் இது பொருந்தலாம்.

முன்பக்கத்தில் பெரிய மீன் படம், கீழே 'கடல்மீன் சுவை'. அந்தச் 'சுவை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தீவனத்துக்கு விதி வகுக்கும் ஆஃப்கோ என்ற சங்கம் இருக்கிறது, பல நாட்டுக் கம்பெனிகள் அதன் அளவுகளைத்தான் பின்பற்றுகின்றன. அந்த விதிப்படி 'சுவை' என்று போட்டால், அந்தச் சுவை தெரிகிற அளவுக்குப் பொருள் இருந்தால் போதும். 'மீன் சேர்த்தது' என்று போட்டால் 3 சதவீதம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்பக்கத்தில் எழுத்து கடுகைவிடச் சின்னது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் படித்தேன். முதலில் மக்காச்சோளம். அடுத்தது கோழி உபபொருள் தூள். அப்புறம் மக்காச்சோளக் குளூட்டன் (சோளத்தின் புரதப் பகுதி), சோயாத் தூள், அரிசித் தவிடு, கோழிக் கொழுப்பு, அதற்குப் பிறகுதான் மீன் தூள். கடைசியில் உப்பு, டாரின், வைட்டமின்கள், தாது உப்புகள், நிறமி. எடை அதிகமான பொருள் முதலில் வரும் என்பது இந்தப் பட்டியலின் முறை. மக்காச்சோளம் ஒரு இடத்தில், அதன் குளூட்டன் இன்னொரு இடத்தில், தவிடு வேறொரு இடத்தில் என்று பிரித்துப் பிரித்து வருவதால் தானியத்தின் மொத்தக் கனம் ஒரு பார்வையில் தெரியாது. மூன்றையும் கூட்டினால் தானியம்தான் தட்டில் பெரும்பங்கு. இதே தவிட்டையும் சோளத்தையும் நான் மாட்டுத்தீவனச் சீட்டில் தினமும் பார்க்கிறேன்.

கோழி உபபொருள் என்றதும் நிறையப் பேர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் குறை இல்லை. ஈரல், இரைப்பை, கழுத்து, கால் என்று கடையில் ஒதுக்குகிறவைதான் அது. கறி வாங்கி வந்த அன்று கருப்பட்டி காலைச் சுற்றிச் சுற்றி வருவது ஈரலுக்காகத்தான். பட்டியலில் எனக்குப் பிடித்த பொருளே அதுதான், இன்னும் அதிகமாக இருந்திருக்கலாம். முதலில் 'பச்சைக் கோழி' என்று போட்டிருக்கிற விலை கூடிய பாக்கெட்டைப் பார்த்தும் உடனே மயங்க வேண்டாம். பச்சைக் கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். காய்ந்த பிறகு அதன் எடை எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எண்கள். புரதம் குறைந்தது 30, கொழுப்பு குறைந்தது 9, நார் அதிகபட்சம் 4, ஈரம் அதிகபட்சம் 10. மாவுச்சத்து எவ்வளவு என்று போடவில்லை. அதை நாமே கணக்குப் போடலாம். சாம்பல் என்கிற தாதுப்பகுதிக்கு 8 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்தால் 39 வருகிறது. அதாவது இந்த உருண்டையில் பத்தில் நாலு பங்கு மாவு. தெம்புக் கணக்கில் பார்த்தால் 100 கிராமுக்கு 320 கலோரி அளவில் வருகிறது, அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மாவிலிருந்தே. ஒரு எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கு மாவு என்று கிடைப்பது சொற்பம்.

மாட்டோடு ஒப்பிட்டால்தான் எனக்கு இது விளங்கியது. மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர் இருக்கிறது. தவிட்டையும் வைக்கோலையும் போட்டால் அதுவே புரதம் பண்ணிக் கொடுக்கும். பூனைக்கு அந்த வசதி கிடையாது. வைட்டமின் ஏ வேண்டுமென்றால் கேரட்டிலிருந்து எடுக்க அதற்குத் தெரியாது, ஈரல் மாதிரி இறைச்சியிலிருந்து நேராகக் கிடைக்க வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டாரின் என்ற சத்தும் அப்படித்தான். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயம் விரிந்து தளர்ந்து சாகிற பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவை கடைத்தீனி தின்ற பூனைகள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளுக்கு இதயம் தேறியது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைக் கூட்டின. காய்ந்த தீனியில் 0.1 சதவீதம், ஈரத் தீனியில் 0.2 சதவீதம் என்பது ஆஃப்கோவின் குறைந்தபட்ச அளவு, இரண்டும் தண்ணீரைக் கழித்த கணக்கு. என் பாக்கெட்டில் டாரின் பெயர் இருக்கிறது. இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆக, தேர்ச்சி மதிப்பெண் என்று பார்த்தால் இந்தத் தீனி தேறிவிடுகிறது. வளர்ந்த பூனைக்குத் தண்ணீரைக் கழித்த கணக்கில் புரதம் 26 வேண்டும், கொழுப்பு 9. இதில் 30ஐ 90ஆல் வகுத்தால் 33 புரதம், கொழுப்பு 10. ஆனால் அந்தப் புரதத்தில் ஒரு பங்கு சோளத்திலிருந்தும் சோயாவிலிருந்தும் வருகிறது என்பது மனதில் இருக்கட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் பத்து உருண்டையை டவராவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஆனது. அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றும் ஊறிய கொண்டைக்கடலை அளவுக்கு உப்பி, விரலில் எடுத்தால் கூழ். உப்புகிறது மாவு, சிவப்பு வருவது நிறமியால். மீன் வடிவமும் சிவப்பும் வாங்குகிற நமக்காகத்தான், கருப்பட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காய்ந்த உருண்டையைச் செய்தித்தாளில் வைத்து அமுக்கினால் எண்ணெய்க் கறை படிகிறது. அந்த மேல்பூச்சு மணத்துக்குத்தான் பூனை ஓடி வருகிறது. பூனைக்கு இனிப்புத் தெரியாது, அந்தச் சுவையை அறிகிற மரபணு அதற்குப் பழுதாகிக் கிடக்கிறது. சோளத்துக்காக அது தின்னாது, கொழுப்புக்காகவும் ஈரல் சாற்றுக்காகவும்தான் தின்னும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். வேகவைத்த மாவைப் பூனையின் குடல் ஓரளவு செரிக்கிறது. எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது தண்ணீர்தான்.

மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். மீன் சரியாக வரவில்லை. மூன்று வாரம் இரண்டுக்கும் பாக்கெட் மட்டும் வைத்தேன், அதுவும் கிண்ணம் நிறைய, நாள் முழுக்க. ஒரு நாள் காலை கருப்பட்டி மணல் தட்டில் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் ஒரு குரல் கொடுத்தது. அந்த மாதிரிக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மலச்சிக்கல் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன், இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது. வயிற்றைத் தொட்டபோது எலுமிச்சம்பழம் மாதிரிக் கட்டியாக இருந்தது. கூடையில் வைத்து ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூத்திரப்பாதை அடைத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து டியூப் போட்டு எடுத்தார்கள். கடுவனுக்கு இது ஒரு நாள் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

தீனி ஒன்றே காரணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. எடை கூடியது, வீட்டுக்குள்ளேயே கிடப்பது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்தது என்றார். "அம்மா, பூனைக்குத் தாகம் கம்மி. சாப்பாட்டோடு தண்ணீர் போகிற மாதிரி வையுங்க" என்றார். பாலைவனக் காட்டுப்பூனையின் வழியில் வந்த பிராணி, இரையிலிருந்தே ஈரத்தை எடுத்துப் பழகியது. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 200 மில்லி போல நீர் வேண்டும். 70 கிராம் காய்ந்த உருண்டையில் இருப்பது 7 மில்லி. மீதியை அது குடித்தால்தான் உண்டு, கருப்பட்டி குடிக்கவில்லை.

பால் சங்கத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்தும் எனக்கு இந்தக் கணக்கின் ஒரு பாதிதான் தெரிந்திருக்கிறது. லேபிளைப் படிக்கும்போது தண்ணீரைக் கழிக்க வேண்டும், தட்டில் வைக்கும்போது திரும்பச் சேர்க்க வேண்டும்.

அப்படிக் கழித்துப் படித்தால்தான் பவுச்சின் அருமையும் தெரியும். அதே கம்பெனியின் 80 கிராம் ஈரப் பவுச்சில் புரதம் 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து, 30 எங்கே 8 எங்கே என்று முன்பு கீழே வைத்துவிட்டேன். ஈரம் 82. மிச்சம் 18இல் 8 என்றால் 44 சதவீதம். காய்ந்ததைவிட இதில்தான் புரதம் கூட, மாவும் குறைவு. பவுச்சோடு 65 மில்லி தண்ணீரும் உள்ளே போகிறது. ஆனால் ஒரு பவுச் 45 ரூபாய், கலோரி அம்பத்திச் சொச்சம்தான். முழு வயிற்றுக்கு நாள் ஒன்றுக்கு நாலு பவுச், 180 ரூபாய். பாக்கெட்டோ நாளைக்கு 24 ரூபாயில் முடிகிறது. என் சம்பளத்தில் முழுக்கப் பவுச்சுக்குப் போக முடியாது.

இப்போது வைக்கிற முறை இது. காலையில் 35 கிராம் பாக்கெட் தீனி, சங்கத்து எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து அளவு பார்த்த ஒரு சின்ன டம்ளரால். அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுவேன். சாயங்காலம் சாளை, இல்லையென்றால் அயிலை. உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சேர்த்தே வைப்பேன். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் கீழே ஊற்றினால் நஷ்டம். பச்சை மீன் வைப்பதில்லை. சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற பொருள் இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். மீன் இல்லாத நாளில் பவுச்.

அம்மாவிடம் பதில் சொல்லிவிட்டேன். "சாளை மட்டும் போதாதும்மா, எண்ணெய் மீனையே தினமும் போட்டா வைட்டமின் ஈ குறைஞ்சு உடம்புக் கொழுப்பே புண்ணாயிருமாம். குழம்பு மீன் போடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தைக் கெடுத்துரும்." அவள் கேட்டுக்கொண்டாள். குழம்புச் சட்டியில் மிஞ்சிய தலையை எடுத்துப் போடுவதை அன்றோடு விட்டுவிட்டாள்.

ஒரு தடவை பக்கத்தில் ஒரு கடையில், இதே தீனி திறந்த சாக்கிலிருந்து கிலோ கணக்கில் மலிவாகக் கிடைத்தது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய எண்ணெய் வாடை. "தம்பி, இது எப்போ பிரிச்ச மூட்டை?" என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. கொழுப்புப் பூசிய தீனி, நம் ஊர் வெயில், திறந்த சாக்கு. சிக்கு வாடை அடித்தால் வைட்டமினும் போயிருக்கும். நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க அதை வாங்காதீர்கள். வீட்டிலும் பாக்கெட்டை இறுக்கி மூடி டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.

குட்டி போட்ட பூனைக்கும் குட்டிகளுக்கும் இந்தப் பாக்கெட்டை நான் சொல்ல மாட்டேன். அவற்றுக்குத் தண்ணீரைக் கழித்த கணக்கில் புரதம் 30 வேண்டும், அதில் இது தேறினாலும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கூடுதலாக வேண்டும். 'வளர்ச்சிக்கு' அல்லது 'எல்லா வயதுக்கும்' என்று பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். புதுத் தீனிக்கு மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் குண்டுப் பூனைக்கு ஈரல் கெட்டுப்போகும்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் காய்ந்த தீனியை மட்டும் வைப்பதற்கு 4, ஊறவைத்து அரை வயிற்றுக்கு மட்டும் வைத்தால் 7. மே மாதம் 4.8 கிலோ இருந்த கருப்பட்டி நேற்றுத் தராசில் 4.3. மணல் தட்டில் காலையில் மூத்திரம் பட்ட மூன்று ஈரக் கட்டி எடுத்தேன்.